‘ஊசி கண்டுபுடிச்சுட்டாங்களாமா?’: மருந்துக்கடையில் நின்று பார்த்த கொரோனாக் காலம்

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்களுக்கு மருந்துக்கடை. மாமனார் ஆரம்பித்தது; இப்போது கடையில் பார்மசிஸ்ட் நான்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ஊருக்குள் திறந்திருந்த சில கடைகளில் எங்களுடையதும் ஒன்று. மஞ்சள் காட்டுக்காரர்கள், விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனி மூடியதால் திருப்பூரிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ வாங்கிக்கொண்டு, கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்பார்கள்: "ஏனுங் அம்மணி, ஊசி கண்டுபுடிச்சுட்டாங்களாமா?"

பக்கத்தில் இருந்த கிளினிக்குகள் பாதி மூடிக் கிடந்தன. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளை வைத்திருந்ததால் அந்தப் பக்கம் போகவே ஜனங்கள் பயந்தார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் எங்கள் கவுன்டருக்கு வந்தது. தெரியாதுங்க என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. தடுப்பூசி, ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்து முடக்க உடம்பு தயாரிக்கும் புரதம்) பற்றி வந்த செய்திகளைத் தேடிப் படித்து, ஒரு பழைய ஸ்டாக் நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் நிபா என்ற வௌவால் வைரஸ் வந்திருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்வி மறுபடி வருகிறது. இனிமேலும் வரும்.

ஊசியைச் செய்வது ஒரு வேலை. அது காப்பாற்றுகிறதா என்று தெரிந்துகொள்வது இன்னொரு வேலை. கொரோனாவில் முதல் வேலை நாள் கணக்கில் முடிந்துவிட்டது, இரண்டாவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது. இது பிடிபட்ட பிறகு நான் செய்தி படிக்கிற விதமே மாறிவிட்டது.

தேதிகளைப் பாருங்கள். சீன விஞ்ஞானிகள் வைரஸின் மரபணு வரிசையை உலகத்துக்கு வெளியிட்டது 2020 ஜனவரி 11. இரண்டே நாளில், ஜனவரி 13 அன்று, மாடர்னா நிறுவனமும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமும் தங்கள் தடுப்பூசியின் வடிவத்தை முடிவு செய்துவிட்டன. மார்ச் 16 அன்று சியாட்டில் நகரத்தில் ஜெனிஃபர் ஹாலர் என்ற பெண்மணியின் கையில் முதல் ஊசி இறங்கியது. நம் நாட்டில் ஊரடங்கு அறிவித்தது மார்ச் 24. அதாவது, நாம் கதவைச் சாத்துவதற்கு எட்டு நாள் முன்பே ஊசி ஒருவர் உடம்புக்குள் போய்விட்டது.

இந்த வேகம் திடீரென்று வந்ததில்லை. 2003-இல் சார்ஸ், 2012-இல் மெர்ஸ் என்று இதே குடும்பத்து வைரஸ்கள் வந்தபோது, அவற்றின் மேலே முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைத்தான் குறிவைக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டார்கள். அந்தப் புரதம் உருமாறிவிடாமல் பிடித்து நிறுத்துவது எப்படி என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. அந்த உழைப்பெல்லாம் கிடங்கில் இருந்தது, 2020-இல் எடுத்தார்கள். இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த பிளேக்குக்கு பம்பாயில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி சுமார் மூன்றே மாதத்தில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அந்தக் காலத்திலும் செய்வது சீக்கிரம் நடந்திருக்கிறது.

சரி, 2020 மே 18-க்கு வருகிறேன். அன்று ராத்திரி கொழுந்தனார் போன் செய்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அப்போது அவர்கள் டீ சர்ட்டை விட்டுவிட்டு மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணி, அமெரிக்காவுல ஊசி ரெடியாயிருச்சாமா, நியூஸ்ல ஓடுது. ஷேரெல்லாம் ஏறுதாம்" என்றார் சந்தோஷமாக. எத்தனை பேருக்குப் போட்டுப் பார்த்தார்களாம் என்று கேட்டேன். அது செய்தியில் சொல்லவில்லை என்றார். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டே தேடினோம். மாடர்னா ஊசியின் முதல் கட்டச் சோதனைக்கு எடுத்தது 45 பேர். வைரஸை முடக்கும் தரமான ஆன்டிபாடி வந்திருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னது அதில் எட்டுப் பேரின் இரத்தத்தை வைத்து. சொன்னதும் ஆராய்ச்சிப் பத்திரிகை இல்லை, கம்பெனியின் அறிக்கை.

அது பொய்ச் செய்தி என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பேருக்கும் ஆன்டிபாடி வந்தது நிஜமாகவே நல்ல செய்தி. ஜூலை 14 அன்று 45 பேரின் விவரமும் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தபோது அது உறுதியானது. ஆனால் அந்த எட்டுப் பேரில் யாராவது கொரோனா நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து நோய் வராமல் தப்பித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. இரத்தத்தில் ஒன்றை அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நோட்டில் எந்தச் செய்தியைக் குறித்தாலும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினேன்: எத்தனை பேர், எதை அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள். இந்த மூன்றில் ஒன்றுக்காவது செய்தியில் பதில் இல்லையென்றால், கடையில் யாரிடமும் அதைப் பற்றி நம்பிக்கையாகப் பேச மாட்டேன்.

அப்படிப் பார்த்தால், ஆக்ஸ்போர்டு தடுப்பூசியின் முதல் விவரம் ஜூலை 20 அன்று வந்தபோது அது அடுத்த படி என்று புரிந்தது. 1,077 பேர், ஒரு பகுதியினருக்கு வேறு ஒரு தடுப்பூசியைப் போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். அப்போதும் அளந்தது இரத்தத்தைத்தான். அந்தத் தடுப்பூசியை முதலில் போட்டுக்கொண்ட பெண் விஞ்ஞானி இறந்துவிட்டார் என்று ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றியது, எங்கள் ஊர் குரூப்பிலும் வந்தது. அவரே வீடியோவில் வந்து நன்றாக இருக்கிறேன் என்று பேசியதை நான் பதிலுக்குப் போட்டேன். வதந்திக்கு நீளமாக விளக்கம் எழுதுவதைவிட இப்படி ஒரு சின்ன ஆதாரம் போதும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான்.

நம் ஊர் கோவாக்சின் விஷயத்தில் ஒரு ஆசிரியருக்கும் எனக்கும் நடந்த பேச்சைச் சொல்ல வேண்டும். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பிரித்தெடுத்த வைரஸை வைத்து பாரத் பயோடெக் செய்த தடுப்பூசி அது. ஜூலை 2 தேதியிட்ட ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கடிதம் ஆகஸ்ட் 15-க்குள் தடுப்பூசியைக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் செய்தித்தாளோடு வந்தார். "சுதந்திர தினத்துக்கு நம்ம ஊசி வந்துரும் அம்மணி!" அவருக்குக் கண்ணெல்லாம் பூரிப்பு. மறுத்துப் பேசக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கையே அவர் முன்னால் வைத்தேன். முதல் கட்டத்தில் இரண்டு ஊசி, இடையில் 14 நாள். இரண்டாவது போட்ட பிறகு இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இன்றைக்கே முதல் ஆளுக்குப் போட்டாலும் ஒரு மாதம் போய்விடும், அதுவும் முதல் கட்டத்துக்கு மட்டும். வாத்தியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப ஆகாதுங்" என்றார். இந்திய அறிவியல் அகாடமியும் அந்தக் காலக்கெடு சாத்தியமில்லாதது என்று அறிக்கை விட்டது. உண்மையில் முதல் ஊசி ஜூலை நடுவில்தான் போட்டார்கள். 25,800 பேரை எடுத்த மூன்றாம் கட்டம் நவம்பரில்தான் தொடங்கியது.

இந்த மூன்றாம் கட்டம் எப்படி நடக்கிறது என்பதைத்தான் நான் அதிகம் பேருக்குச் சொன்னேன், ஏனென்றால் தாமதம் எங்கே என்பது அதில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆட்களை எடுத்து, பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. எல்லோரும் வீட்டுக்குப் போய் அவரவர் பிழைப்பைப் பார்ப்பார்கள். யாருக்குத் தானாக நோய் வருகிறது என்று காத்திருக்க வேண்டும். ஃபைசர் சோதனையில் சுமார் 43,000 பேர் இருந்தார்கள். 2020 நவம்பரில் கணக்கைத் திறந்தபோது நோய் வந்தவர்கள் 170 பேர். ஊசியால் ஒரு பிரயோஜனமும் இல்லையென்றால் இரண்டு பக்கமும் 85 பேர் அளவில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ தண்ணீர் போட்ட பக்கம் 162, தடுப்பூசி போட்ட பக்கம் 8. 95 சதவீதம் என்று டிவியில் சொன்ன எண் இங்கிருந்து வந்ததுதான். இந்த 162-ஐயும் 8-ஐயும் கடைக் கவுன்டரில் பேப்பரில் எழுதிக் காட்டினால் எட்டாவது படித்தவர்களுக்கும் உடனே விளங்கியது. சதவீதத்தை மட்டும் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு சோதனையில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், சோதனையையே நிறுத்தி வைத்தார்கள். அதைக் கேட்டுப் பயந்தவர்கள் நிறைய. எனக்கு அது தைரியம் தந்த செய்தி. அத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தருக்கு ஆனாலும் நின்று பார்க்கிறார்கள் என்றால் கண்காணிப்பு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

இனி ஆன்டிபாடி மருந்து. தடுப்பூசியும் இதுவும் ஒன்றுதான் என்றே பலரும் நினைத்தார்கள். எனக்கு இதை விளக்க வழி காட்டியது நாய்க்கடி. சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு ஆடுதசையில் ஆழமான கடி. அரசு ஆஸ்பத்திரியில் முடித்துவிட்டு டெட்டால், பஞ்சு வாங்க வந்தவர் கேட்டார்: "ஒரு கடிக்கு எதுக்குங்க ரெண்டு மருந்து? கையில ஒண்ணு போட்டாங்க. கடிச்ச எடத்தச் சுத்தியும் குத்தோ குத்துன்னு குத்தறாங்க. பையன் கதறிட்டான்."

கையில் போட்டது தடுப்பூசி. உடம்பு அதைப் பார்த்துத் தானே ஆன்டிபாடி தயாரிக்கக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை வைரஸ் சும்மா இருக்காது. அதனால் ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடியைக் கடித்த இடத்திலேயே ஏற்றுகிறார்கள், அதுதான் சீரம். குதிரை இரத்தத்திலிருந்தோ மனிதர் இரத்தத்திலிருந்தோ எடுப்பது. போட்ட உடனே வேலையைத் தொடங்கும், ஆனால் சில வாரத்தில் கரைந்து போய்விடும், உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் போடுவதில்லை, அதற்குள் உடம்பே தயாரிக்க ஆரம்பித்திருக்கும். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கொரோனாவுக்கும் இந்த ரெண்டாவது மருந்து இருக்குதுங்களா?" என்றார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் அப்போது உலகம் முழுக்க விடை தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வைத்தியம் 1890-லேயே பிறந்தது. ஜெர்மனியில் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) இசிவு நோய்க்கும் (டெட்டனஸ்) சீரம் வேலை செய்வதைக் காட்டினார்கள்; பெரிங்குக்கு 1901-இல் முதல் மருத்துவ நோபல் கிடைத்தது. கொரோனாவில் செய்தது அதன் நவீன வடிவம். நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஆன்டிபாடிகளில் வைரஸை நன்றாகப் பிடிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே செல்களில் வைத்துப் பெருக்கினார்கள். 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்த ஒருவரிடமிருந்து எடுத்த ஆன்டிபாடி புது வைரஸையும் பிடிக்கிறது என்று 2020 மே மாதமே ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டது. ஜூன் 1 அன்று எலி லில்லி நிறுவனத்தின் ஆன்டிபாடியை முதல் நோயாளிக்கு ஏற்றினார்கள். ரீஜெனரான் நிறுவனம் இரண்டு ஆன்டிபாடியைச் சேர்த்து அதே மாதம் சோதனையைத் தொடங்கியது. அக்டோபரில் அமெரிக்க அதிபர் டிரம்புக்கு ஏற்றிய பிறகு அந்தக் கலவை நம் டீக்கடைகள் வரை பேச்சாகிவிட்டது.

இதற்கு நடுவில் பிளாஸ்மா. மீண்டவரின் இரத்த நீரை அப்படியே எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐசிஎம்ஆர் நாடு முழுக்க 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்துச் சோதித்தது. பிளாஸ்மா கொடுத்தவர்களில் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் 19 சதவீதம், கொடுக்காதவர்களில் 18 சதவீதம். 2020 அக்டோபரில் இது பத்திரிகையில் வெளியானது. அதற்கு அரை வருஷம் கழித்து, இரண்டாம் அலையில், என் சித்தப்பா மகன் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தபோது எங்களைப் பிளாஸ்மா தேடச் சொன்னார்கள். ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் காரில் அலைந்தோம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன். இரத்த வங்கி வாசலில் எங்களைப் போலவே எத்தனையோ குடும்பங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. அந்த சதவீதக் கணக்கு என் நோட்டில் இருந்தது. தம்பி படுக்கையில் கிடக்கும்போது டாக்டரிடம் அதை எடுத்துச் சொன்னால் வைத்தியத்தையே விட்டுவிடுவார்களோ என்று சித்தி பயந்தார், நாங்கள் அலைந்தோம். 2021 மே 17 அன்று மத்திய அரசு தன் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டது. தம்பி பிழைத்து வந்தான், ஆக்சிஜனாலும் ஸ்டீராய்டாலும்.

ஆகவே சொந்தக்காரர்கள் யாராவது அப்படி அலையும் நிலை வந்தால், டாக்டரிடம் பணிவாகவே ஒன்று கேளுங்கள் என்கிறேன்: "இந்த மருந்து இந்த நிலைமையில இருக்கறவங்களுக்கு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிருக்குதுங்களா, இல்ல முயற்சி பண்ணிப் பாக்கறமுங்களா?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நிலைமை என்று சொன்னேன். அதுதான் நோட்டில் நான் பின்னால் சேர்த்த நாலாவது கேள்வி: நோயின் எத்தனாவது நாள்? 2021 மே 24 அன்று ஆன்டிபாடி கலவை இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஒரு ஆளுக்கு 59,750 ரூபாய். அந்த வாரத்தில்தான் கோயம்புத்தூரின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. எங்கள் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு இருமல். தறிப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு ஓடிவந்தார். அவர் அம்மாவுக்கு ஒன்பதாவது நாள், ஆக்சிஜனில் இருக்கிறார்.

"அக்கா, எவ்வளவு ஆனாலும் பரவால்லைங்க. டிரம்புக்குப் போட்ட மருந்து கோயமுத்தூர்ல கெடைக்குதாமா. வாங்கிக் குடுங்க. நகைய வெச்சாவது கட்டறேன்."

அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போனில் அந்த மருந்தின் அனுமதி விவரத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். லேசான, நடுத்தரமான நோய் உள்ளவர்களுக்கு. வயதோ சர்க்கரையோ போல ஆபத்தான காரணம் இருக்க வேண்டும். ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் இருக்க வேண்டும். "உங்கம்மாவுக்கு இப்ப அந்தக் கட்டம் தாண்டிருச்சுங் தம்பி. இப்ப வேணுங்கறது அங்க குடுத்துட்டு இருக்கற ஆக்சிஜனும் ஸ்டீராய்டும்தான்" என்றேன். நம்பாமல் மருத்துவமனைக்கே போன் போட்டார், அங்கேயும் அதையே சொன்னார்கள். வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்று கேட்டேன். அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், சர்க்கரை உண்டு என்றார். அவரை இன்றைக்கே டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், இந்த மருந்தைப் பற்றிப் பேச வேண்டியது அவருக்காகத்தான் என்றேன். வேண்டிய ஆளுக்கு வேண்டிய நாளில் கேட்பதுதான் இதில் முக்கால்வாசி.

அப்புறம் 2021 ஜூன் நடுவில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு இன்னொரு விவரம் சொன்னது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களிலும், தானாக ஆன்டிபாடி உருவாகாதவர்களுக்கு இந்தக் கலவை உயிர் காத்தது. இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. அதில் கொடுத்தது 8 கிராம், நம் நாட்டில் அனுமதித்த அளவு 1.2 கிராம். நான் மே மாதம் சொன்னது அன்றைக்குத் தெரிந்ததை வைத்து. தெரிந்துகொள்ளும் வேலை நிற்பதே இல்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு இதற்கு நேர் எதிர். டெக்சாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூன் 16 அன்று அதே ரெகவரி ஆய்வு அறிவித்தது. சில ரூபாய் மாத்திரை. அதைக் கேட்டு, சாதாரண இருமலுக்கே ஒரு அட்டை கொடுங்கள் என்று வந்தவர்கள் உண்டு. கொடுக்க மறுத்தேன், சிலர் சண்டைகூடப் போட்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் பலன் இல்லை, கெடுதல் வரலாம். சர்க்கரைக்காரர்கள் கண்டபடி ஸ்டீராய்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021-இல் கருப்புப் பூஞ்சை காட்டியது. வைரஸ் பெருகும் முதல் நாட்களில் ஆன்டிபாடி. பின்னால் உடம்பே மிகையாக எதிர்த்து நுரையீரலைக் கெடுக்கும்போது ஸ்டீராய்டு. மாற்றிக் கொடுத்தால் இரண்டும் வீண்.

தடுப்பூசி ஊருக்கு வந்தது 2021 தொடக்கத்தில். ஜனவரி 3 அன்று கோவிஷீல்டுக்கும் (ஆக்ஸ்போர்டு-அஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்கு இங்கே வைத்த பெயர்) கோவாக்சினுக்கும் அனுமதி, 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடக்கம். மார்ச் 1 முதல் அறுபது தாண்டியவர்களுக்கு. ஒரு குப்பியில் பத்து டோஸ். கோவிஷீல்டைத் திறந்தால் நாலு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். எங்கள் நர்ஸம்மா கடை வாசலில் வந்து நிற்பார். "ஆறு பேருதான் வந்திருக்காங்க, இன்னும் நாலு பேரைப் புடிச்சுக் குடும்மா." மாத்திரை வாங்க வந்தவர்களை அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். இதற்காகவே அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் பெயரை வீதிவாரியாக எழுதி வைத்தேன். அந்தப் பட்டியல் இன்றைக்கும் பயன்படுகிறது. உங்கள் ஊரில் மருந்துக்கடையோ ரேஷன் கடையோ மகளிர் குழுவோ யாராவது ஒருவர் இப்படி எழுதி வைக்கலாம்.

ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தது எல்லோரையும் உலுக்கியது. பட்டியலில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "அவருக்கே அப்படின்னா எங்களுக்கு?" என்று ஒரு அமுச்சி (பாட்டி) அழுதே விட்டார். யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்வி இங்கேதான் உதவியது. ஊசி இல்லாத வருஷங்களிலும் நம் ஊரில் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஊசி போட்டவர்களுக்கு அதைவிட அதிகமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அவர் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்பு தேசியக் குழு ஆராய்ந்து சொன்னது. அதே நேரத்தில், அஸ்ட்ராசெனகா தடுப்பூசியால் மிக அரிதாக இரத்தம் உறைகிற பிரச்சினை வருகிறது என்று ஐரோப்பிய மருந்து முகமை ஏப்ரல் 7 அன்று ஒப்புக்கொண்டதையும் நான் மறைக்கவில்லை. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் சோதனையில் அவ்வளவு அரிதான ஒன்று தெரியாது, லட்சக்கணக்கானவர்கள் போட்ட பிறகுதான் தெரியும். கடும் தலைவலி, கால் வீக்கம், மூச்சுத்திணறல் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி போங்கள் என்று எழுதிக் கவுன்டரில் ஒட்டினேன். இரண்டு பக்கமும் சொன்னதால்தான் அந்த அமுச்சி பதினைந்து நாள் கழித்து என்னோடு வந்து போட்டுக்கொண்டார்.

குளிர்ப் பராமரிப்பு என் தொழில் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபைசருக்கு மைனஸ் 70 டிகிரி வேண்டும் என்றதும் நம் ஊருக்கு அது ஆகாது என்று தெரிந்துவிட்டது. கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் 2 முதல் 8 டிகிரி போதும். எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள், உறைந்து போவதும் அதே அளவு கெடுதல். கோவாக்சின், டிடி போல அலுமினிய உப்பு கலந்த தடுப்பூசிகள் ஒரு முறை உறைந்துவிட்டால் பார்க்க நன்றாக இருந்தாலும் சக்தி போய்விடும். வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: ஃப்ரீசருக்குக் கீழேயும் வேண்டாம், ஐஸ்மேல் நேராகவும் வேண்டாம். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும். நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள்.

ஊசி போட்ட பிறகு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்று கிளம்பியது. ஒரு லேபில் பணம் கட்டி எடுத்துவிட்டு, நெகட்டிவ் என்று வந்ததால் ஊசி தண்ணீர் என்று ஒருவர் கடையில் கத்தினார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வைரஸின் உள்ளே இருக்கும் புரதத்துக்கான ஆன்டிபாடியைத் தேடுகிற டெஸ்ட் அது. கோவிஷீல்டு கற்றுக்கொடுப்பது ஸ்பைக் புரதத்தை மட்டும்தான். நோய் வராதவருக்கு அந்த டெஸ்ட் நெகட்டிவாக வருவதுதான் சரி. எதற்கு டெஸ்ட் என்று தெரியாமல் இப்படிப்பட்ட டெஸ்ட்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஒமைக்ரான் வந்தபோது ஸ்பைக் புரதம் மாறிப்போனதால் அந்த 59,750 ரூபாய் கலவை பிடி தவறியது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அதன் பயன்பாட்டை நிறுத்தியது. ஒரே இடத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடிக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தொற்று வந்தது, ஆனால் வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்களும் உடம்பில் கற்றுக்கொண்டிருந்ததால் உயிர் போகிற அளவுக்குப் போனது குறைவு.

இப்போது கேட்பது நிபாவைப் பற்றி. கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டி வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்கிறார்கள். m102.4 என்ற ஆன்டிபாடி ஆஸ்திரேலியாவிலிருந்து 2018-லேயே கேரளாவுக்காக வரவழைக்கப்பட்டது. 2023-இல் கைவசம் இருந்ததும் சில டோஸ்கள்தான். அதைக் கடையில் கேட்டு வாங்க முடியாது, அரசு வழியாகத்தான் வரும். தடுப்பூசியை ஆக்ஸ்போர்டில் 2024 ஜனவரியில் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள், ஐம்பது பேர் அளவில். அது முதல் கட்டம், இரத்தத்தைப் பார்க்கிற கட்டம். "அப்ப இன்னும் வரலீங்களா?" என்றால், செய்துவிட்டார்கள், இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்கிறேன். அதுவரை பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்னச் சொல்லுங்கள், வௌவால் கடித்த பழம் வேண்டாம், அங்கே போய் வந்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு குழப்பமான பேச்சோ மூச்சுத்திணறலோ இருந்தால் மாத்திரை கேட்டு என்னிடம் வராமல் நேராக 108-க்குப் போன் செய்து, எங்கே போய் வந்தான் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.